விழாவெடுத்து விற்றவர்

பொருள் விற்போன் கூத்தாடுவோனிடம் கற்கவேண்டிய பாடம் உண்டு என்று இக்காலத்து வணிகவியலார் எழுதுகின்றனர். சந்தைப்படுத்தல் என்னும் புதுச்சொல்லின் கீழே பாட்டும் பந்தாட்டமும் திரைப்படமும் வேடிக்கையும் அடுக்கப்படுகின்றன. மக்கள் மனம் எதில் மகிழ்ந்து நிற்கின்றதோ, அதன் வழியாகவே பொருளும் அவர் கைக்குச் சென்று சேரும் என்பது அவர்தம் கொள்கை. தமிழ் கற்றார்க்கு இஃது அத்துணைப் புதிய செய்தியன்று. மதுரைக்காஞ்சி காட்டும் நாளங்காடியும் அல்லங்காடியும் கொடிகள் அசைய ஆரவாரம் மிக்கிருந்த தெருக்களே. பட்டினப்பாலை பாடிய புலவரும் புகார் நகரத்துக் கடைகளின் மேல் ஆடிய பலவகைக் கொடிகளைக் கண்ணாரக் கண்டு பாடியிருக்கின்றார். ஆயின் அவர் கொடியோடு நின்றாரல்லர். அக்கொடியின் கீழ் இருந்த வணிகர், வாங்கும்போது மிகையாக வாங்காமலும் கொடுக்கும்போது குறைவாகக் கொடாமலும் நடுவுநிலை பிழையாத நெஞ்சினர் என்பதையும் சேர்த்தே கூறினார்.

ஆகவே வணிகனை அளக்கும் கோல்கள் இரண்டு. ஒன்று அவன் உயர்த்திய கொடி. மற்றொன்று அக்கொடியின் கீழ் இருந்த நெஞ்சு. இவ்விரு கோலையும் கையிற் கொண்டு, நம் நாட்டு மலைகளோடு நெருங்கிய தொடர்புடைய ஒருவர் வரலாற்றை இங்கே சொல்ல விரும்புகின்றேன். என் மாணவர் பலருக்கு லிப்டன் என்பது தேயிலைப் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட பெயர் மட்டுமே. அப்பெயருக்குரிய ஒரு மனிதர் பிறந்து, வறுமையில் வளர்ந்து, உலகைச் சிரிக்க வைத்துப் பொருள் குவித்து மறைந்தார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

தோமஸ் லிப்டன் 1848ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் ஸ்கொத்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். தாம் பிறந்தது 1850 என்றே பிற்காலத்தில் அவர் சொல்லி வந்தார். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்து பெரும் பஞ்சம் சூழ்ந்தபோது, அந்நாட்டை விட்டுக் கிளாஸ்கோவிற் குடியேறிய ஏழை மக்கள் அவர் பெற்றோர். சிறிய கடையொன்றில் வெண்ணெயும் முட்டையும் பன்றியிறைச்சியும் விற்று அவர்கள் உயிர் வாழ்ந்தனர். அக்கடையிற் சிறுவன் லிப்டன் கண்ட உண்மை ஒன்று அவர் வரலாற்றை எழுதியோர் பலராலும் சொல்லப்படுகின்றது. முட்டையைத் தந்தையார் எடுத்துக் கொடுத்தால் அவருடைய பெரிய கையில் அது சிறிதாகத் தோன்றுகின்றது. தாயார் கொடுத்தால் அவருடைய சிறிய கையில் அதுவே பெரிதாகத் தோன்றுகின்றது. ஆதலால் முட்டை விற்கும் பணி அன்னையாருக்கே உரியது என்று மைந்தர் தந்தையாரிடம் கூறினாராம். முட்டையின் அளவு மாறவில்லை. மாறியது காண்போர் கண்ணே. இச்சிறு நிகழ்ச்சியில் லிப்டனின் கலையும் அக்கலையில் மறைந்து கிடந்த ஆபத்தும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன.

பதின்மூன்று வயது அளவிற் பள்ளியை விட்டுக் கடைப் பையனாகவும் கப்பற் பையனாகவும் உழைத்த அவர், சிறிது பணம் சேர்த்துக்கொண்டு 1860களின் நடுவில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே வேர்ஜீனியாவிற் புகையிலைத் தோட்டத்திலும் தென் கரோலினாவில் நெற்பண்ணையிலும் வேலை செய்து, ஈற்றில் நியூயோர்க் நகரத்துப் பெருங்கடையொன்றின் பலசரக்குப் பகுதியில் அமர்ந்தார். அந்நாளைய அமெரிக்கா வேடிக்கை காட்டுவதையே ஒரு தொழிலாக வளர்த்திருந்த நாடு. பார்னம் என்னும் பெருங்கூத்தர் அரும்பொருட் காட்சிசாலை நடத்தி, செய்தித்தாள்களிலும் சுவரொட்டிகளிலும் தம் காட்சிகளைப் பற்றி ஊரைப் பேச வைத்த காலம் அது. காட்சியின் உள்ளே இருப்பதைக் காட்டிலும் வாயிலில் எழும் ஆரவாரமே கூட்டத்தை இழுக்கின்றது என்பதை அக்காலத்து நியூயோர்க் தெருக்களில் நடந்த எவரும் கண்டிருப்பர். பெருங்கடைகளும் அவ்வாறே விளக்கொளியும் கண்ணாடிச் சாளரமும் இன்சொல்லும் கொண்டு, கடைக்குப் போவதையே ஒரு திருநாளாக்கின.

அந்தப் பாடத்தோடு லிப்டன் தாயகம் மீண்டு, 1871ஆம் ஆண்டு தம் பிறந்தநாளன்று கிளாஸ்கோவின் ஸ்ரொப்குரொஸ் தெருவில் தமது முதற் கடையைத் திறந்தார். தாமே கூட்டினார், தாமே நிறுத்தார், தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். கடையின் வாயிலில் கண்ணாடிகள் வைத்தார். ஒரு கண்ணாடியில் நோக்கினால் முகம் ஒடுங்கி உடல் மெலிந்து தோன்றும். அது லிப்டன் கடைக்குப் போவோர் உருவம். மற்றொன்றில் நோக்கினால் கன்னம் பருத்து வயிறு பெருத்துத் தோன்றும். அது அக்கடையிலிருந்து திரும்புவோர் உருவம். வேலை முடிந்து வீடு செல்லும் கூலியாளனும் அவன் பிள்ளைகளும் நின்று சிரித்துவிட்டு உள்ளே நுழைந்தனர். கேலிச்சித்திரம் வரைவோர் ஒருவரை அமர்த்தி, வாரந்தோறும் புதுப் படம் ஒன்றைச் சாளரத்திற் தொங்கவிட்டார். அடுத்த வாரத்துப் படம் யாதாயிருக்கும் என்று அறியும் ஆவலே பலரை அத்தெருவுக்கு அழைத்து வந்தது.

கொழுத்த பன்றிகளைக் கழுவித் துடைத்து, நாடா கட்டி, லிப்டனின் அநாதைகள் என்று பெயர் பொறித்துத் தெருத்தெருவாக ஓட்டிச் செல்வித்தார். ஓட்டுவோன் தினமும் வேறு வேறு வழியாகச் சென்றான். வண்டிகள் நின்றன, சிறுவர் பின்தொடர்ந்தனர், ஊர் முழுதும் லிப்டன் பெயரே பேச்சாயிற்று. அரைப்பக்க விளம்பரத்துக்குக் கொடுக்கவேண்டிய பணத்தை இரண்டு பன்றிகள் மிச்சப்படுத்தின என்றால் மிகையாகாது.

1881ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் அவர் செய்தது இன்னும் பெரிது. அமெரிக்காவிலிருந்து மிகப் பெரும் பாற்கட்டி ஒன்றை வருவித்தார். 800 பசுக்களின் ஆறு நாட் பால் அதிற் சேர்ந்தது என விளம்பரம் முழங்கிற்று. துறைமுகத்திலிருந்து கடைவரைக்கும் அதனை நீராவி இழுபொறி இழுத்து வர, இருமருங்கும் மக்கள் நின்று ஆரவாரித்தனர். பிறகு அதனுள்ளே பொற்பவுண்கள் பல செருகப்பட்டன. நத்தார் முன்னாளில் அதனை வெட்டி விற்கத் தொடங்கியபோது இரண்டு மணி நேரத்தளவில் முழுதும் விற்று முடிந்தது. பின்னர் வேறு ஊர்களிலும் அவ்வாறு செய்தபோது, நாணயம் தொண்டையிற் சிக்கும் என்று பொலிசார் எச்சரித்தனர். லிப்டனோ அவ்வெச்சரிக்கையையே பத்திரிகைகளில் வெளியிட்டுப் புது விளம்பரமாக்கினார்.

இவையெல்லாம் வெறும் ஆரவாரமோ எனின், அன்று. கொடியின் கீழே சரக்கும் இருந்தது. அயர்லாந்திற்குத் தாமே சென்று உழவரிடம் வெண்ணெயும் முட்டையும் நேரே வாங்கினார். இடைத்தரகர் கூலி நீங்கியதால் விலை தாழ்ந்தது. ரொக்கம் கொடுத்து வாங்குவோர்க்கு நல்ல பண்டம் குறைந்த விலைக்குக் கிடைத்தது. கிளாஸ்கோவில் மட்டுமன்றி டண்டீ, பெயிஸ்லி, எடின்பரோ, லீட்ஸ் முதலிய நகரங்களிலும் அவர் கடைகள் எழுந்தன. பன்றி ஊர்வலத்தைக் கண்டு சிரித்துக் கடைக்குள் நுழைந்தவள் மறுவாரமும் வந்தாளென்றால், அதற்குக் காரணம் பன்றியன்று, நிறையும் விலையுமே. வேடிக்கை ஒருமுறை அழைக்கும். சரக்கே மறுமுறை அழைக்கும். வணிகம் பயில்வோர் இதனை முதற் பாடமாகக் கொள்ளலாம்.

ஆயினும் கொடி நெஞ்சை மறைத்த இடமும் உண்டு. 1877ஆம் ஆண்டளவில் வங்கித்தாளைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு பவுண் தாள்களை அவர் அச்சிட்டு வழங்கினார். பதினைந்து சிலிங் கொடுத்தால் ஒரு பவுண் பெறுமதியான பண்டம் தருவதாக அதிற் சிற்றெழுத்திற் கண்டிருந்தது. அவசரத்திற் பார்ப்போர் அதனை உண்மைத் தாளென்றே மயங்கினர். சிலர் அதனைச் சந்தையில் மாற்றவும் முயன்றனர், வழக்குகள் எழுந்தன. சிரிப்பில் தொடங்கிய விளம்பரம் சிலரை நீதிமன்ற வாயிலிற் கொண்டுபோய் நிறுத்திற்று. இந்தக் காகிதத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. இதன் துணைக் காகிதம் ஒன்றை நம் மலைகளிற் காணப்போகின்றோம்.

தேயிலை வணிகத்தில் லிப்டன் 1889ஆம் ஆண்டளவிற் புகுந்தார். அந்நாளில் ஓர் இறாத்தல் தேயிலை ஏறக்குறைய மூன்று சிலிங் விற்றது. அவர் அதனை ஒரு சிலிங் ஏழு பென்சுக்குக் கொடுத்தார். அதாவது முப்பத்தாறு பென்சு விற்றது பத்தொன்பது பென்சாயிற்று. வந்திறங்கிய தேயிலைப் பெட்டிகள் வாத்திய முழக்கத்தோடு கிளாஸ்கோ வீதிகளில் ஊர்வலம் வந்தன. திறந்த பெட்டியிலிருந்து அள்ளி நிறுக்கும் பழைய முறையை விட்டு, நிறை குறித்த ஓர் இறாத்தல், அரை, கால் இறாத்தற் பொட்டலங்களாகக் கட்டினார். நிறையிலும் தரத்திலும் ஐயம் நீங்கிற்று. ஒவ்வோர் ஊரின் நீருக்கும் ஏற்பத் தேயிலையைக் கலந்து, உங்கள் ஊர் நீருக்கென்றே அமைந்தது இது என அறிவித்தார். செல்வர் இல்லத்துப் பானம் கூலியாளன் அடுப்படிக்கும் இறங்கிற்று.

அடுத்து அவர் கண் இலங்கையின் மேல் விழுந்தது. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, நிலத்தின் விலை தாழ்ந்திருந்த காலம் அது. ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் இட்ட தேயிலைப் பயிர் மலைகளெங்கும் பரவத் தொடங்கியிருந்தது. 1890ஆம் ஆண்டு லிப்டன் இங்கு வந்து, அப்புத்தளைப் பக்கத்துத் தம்பேதென்னை முதலாய தோட்டங்களை வாங்கினார். மலைமேற் பறித்த கொழுந்தைக் கம்பிவடத்தில் ஆலைக்கு இறக்கும் ஏற்பாட்டையும் செய்தார். பின்னர்த் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு வருவது தமது தேயிலை என்ற பொருளில் உலகெங்கும் விளம்பரம் செய்தார். உண்மையில் அவர் விற்ற தேயிலையில் அவருடைய சொந்தத் தோட்டங்களில் விளைந்தது ஒரு சிறு பங்கே; பெரும்பங்கு பிறரிடம் வாங்கியது. விளம்பரமோ முழுவதும் அவர் தோட்டத்திலேயே விளைந்தது போலத் தோன்ற வைத்தது. தாயின் கையில் இருந்த முட்டை இங்கே மலையளவு பெருத்துவிட்டது.

அவ்விளம்பரப் படங்களின் நடுவே ஒரு பெண் நின்றாள். அவள் தமிழ்ப் பெண். கூடையோடும் புன்னகையோடும் பசுமலைச் சாரலில் நின்ற அவள் உருவம் இலண்டன் மாநகரத்துச் சுவர்களிலும் பத்திரிகைத் தாள்களிலும் காட்சியளித்தது. நூறாண்டுக்கு மேலாக உலகம் கண்ட தமிழ்ப் பெண்களுள் அவளைப் போல அடிக்கடி காணப்பட்டவள் வேறொருத்தி இல்லை எனலாம். ஆயின் அவளுக்குப் பெயர் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவரை அழைத்துக்கொண்டு தம்பேதென்னை வழியாக லிப்டன் அமர்ந்து நோக்கினார் என்று சொல்லப்படும் மலையுச்சிக்குச் சென்றேன். பனி விலகியபோது ஊவாவின் மலைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. வருவோர் அங்குள்ள அவருடைய சிலையருகே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். வழியில் நிரைகளுக்கிடையே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களையும் அவ்வாறே படம் எடுக்கின்றனர். படம் எடுத்தவருள் எவரும் அவர்களிடம் பெயர் கேட்டதை நான் காணவில்லை. என் மாணவியொருத்தி மட்டும் நின்று பேசினாள். அன்று எடை எவ்வளவு வரும், மழை நாளில் அட்டைக் கடிக்கு என்ன செய்வார்கள் என்றெல்லாம் அவள் கேட்டறிந்து வந்தது, அன்றைய பயணத்தில் எங்களுக்கு வாய்த்த சிறந்த பாடம்.

லிப்டன் தோட்டம் வாங்கிய நாளில் இலங்கைத் தோட்டங்களிற் பொதுவாக வழங்கிய ஒரு காகிதம் உண்டு. அதற்குத் துண்டு என்று பெயர். திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணியின் பின் வந்த தொழிலாளர், வழிச்செலவு தொடங்கிப் பலவகைக் கடனிற் கட்டுண்டிருந்தனர். இன்ன தொகையைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று ஒரு தோட்டத்தார் எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. அதைக் காட்டி மற்றொரு தோட்டத்திற் பணம் பெற்றுக் கடனைத் தீர்த்து ஆளை மாற்றுவர். கடன் மட்டும் ஆளைவிட்டு மாறாது. 1921ஆம் ஆண்டுச் சட்டமே இம்முறையை ஒழித்தது. கிளாஸ்கோவில் ஒரு காகிதம் பதினைந்து சிலிங்குக்கு ஒரு பவுண் பண்டம் தருவதாகச் சொல்லி மக்களைச் சிரிக்க வைத்தது. மலைகளில் மற்றொரு காகிதம் மனிதர்க்கே விலை குறித்தது. முன்னதை வரலாற்று நூல்கள் வேடிக்கையாகச் சொல்லுகின்றன. பின்னதை அவ்வேடிக்கைக்கு அருகில் வைத்துச் சொல்வார் அரியர்.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தபோதும் பெண்ணின் கூலி ஆணின் கூலிக்குக் குறைவாகவே வகுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. இவை யாவும் லிப்டன் ஒருவர் செயலல்ல. அவர் மறைந்த பின் நிகழ்ந்தவற்றுக்கு அவரைக் குற்றஞ் சாட்டுதல் நீதியுமாகாது. ஆயின் உலகறிந்த முகத்தையுடைய ஒருத்தி தன் நாட்டிலேயே உரிமையின்றி இருந்தாள் என்பது விளம்பரக் கலையைப் பயில்வோர் மறக்கத்தகாத செய்தி.

லிப்டனின் பிற்கால வாழ்வும் ஒரு பெருங்காட்சியே. 1897இல் விக்ரோறியா அரசியாரின் வைரவிழாவின்போது இலண்டன் ஏழைகளுக்கு உணவளிக்க 25,000 பவுண் வழங்கினார். அடுத்த ஆண்டு சேர் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கிண்ணம் என்னும் பாய்க்கப்பற் போட்டியில் 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஐந்து முறை தம் கப்பலை அனுப்பினார். ஐந்து முறையும் தோற்றார். 1899இல் நடந்த போட்டியைக் கம்பியில்லாத் தந்தி வழியாக மார்க்கோனி செய்தித்தாளுக்கு அறிவித்தமையால் அதன் புகழ் பின்னும் பரந்தது. 1920இல் முதலிரு ஓட்டங்களை வென்று, எஞ்சிய மூன்றையும் இழந்தார். தோல்வியைச் சிரித்த முகத்தோடு ஏற்ற அவரை அமெரிக்க மக்கள் தம்மவராகவே கொண்டாடினர். 1930இல் அம்மக்கள் சிறுதொகைகளாகச் சேர்த்த பணத்தில் ஒரு பொற்கிண்ணம் செய்வித்து அவர்க்கு அளித்தனர். வென்றவர் பெயரை மறந்தோரும் தோற்றவர் பெயரை நினைவிற் கொண்டனர். அவர் தேயிலையையும் வாங்கினர். மக்கள் விரும்புவது வெற்றியை மட்டுமன்று, பண்பையும் என்பது இங்கே கிடைக்கும் பாடம்.

1931ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2ஆம் நாள் அவர் காலமானார். மணஞ் செய்யாதவர், மைந்தர் இல்லாதவர். செல்வத்திற் பெரும்பகுதியைக் கிளாஸ்கோ நகரத்துக்கே விட்டுச் சென்றார். பெற்றோர் துயிலும் அந்நகரத்து இடுகாட்டிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். அன்னையின் கடையை மறவாத மகன் அவர் என்பதில் ஐயமில்லை.

இனி நாம் தொடங்கிய இரு கோலுக்கு வருவோம். கொடியென்ற அளவில் லிப்டனை வென்றார் மிகச் சிலரே. ஏழை மக்களை எள்ளாமல் அவரோடு கூடிச் சிரித்தார். சிரிக்க வைத்தபின் நிறையிலும் விலையிலும் ஏமாற்றாமல் கொடுத்தார். அந்த அளவில் கிளாஸ்கோத் தெருவில் அவர் நெஞ்சும் பெரும்பாலும் நேராகவே நின்றது. ஆனால் நடுவுநிலை என்பது வாங்குவோர் பக்கம் மட்டும் பார்ப்பதன்று. பொருளை ஆக்கிக் கொடுப்போர் பக்கமும் அது பார்க்க வேண்டும். பட்டினப்பாலைப் புலவர் கொடுப்பதோடு கொள்வதையும் சேர்த்துச் சொன்னமை இதனாலேயே. தேயிலையைக் குடிப்போர்க்கு விலை குறைந்தது. அதைப் பறிப்போர்க்குப் புன்னகை தீட்டிய படம் கிடைத்தது.

மக்கள் கலையிலிருந்து வணிகர் கற்கவேண்டும் எனின், அக்கலை எங்கெங்கு உண்டு என்பதையும் அறிதல் வேண்டும். மலையகத்தார்க்குத் தப்பு முழக்கமும் காமன் கூத்தும் உண்டு. கொழுந்து பறிக்கும் நிரைகளிற் பிறந்த பாட்டுகளைச் சி. வி. வேலுப்பிள்ளை முதலிய அறிஞர் தேடித் தொகுத்தனர். அப்பாட்டுகளில் கங்காணியும் வருகின்றான், துரையும் வருகின்றான், பசியும் பிள்ளைத் தாலாட்டும் வருகின்றன. சிரித்த முகத்தைத் தீட்டியவர் அவற்றைக் கேட்டிருந்தால் வேறு படம் தீட்டியிருப்பர்.

எம் கல்லூரியில் விளம்பரம் எழுதும் பயிற்சியும் இப்போது மொழிப்பாடத்தில் இடம்பெறுகின்றது. மாணவர்க்கு நான் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு பொட்டலம் தேயிலைக்குத் தமிழில் விளம்பரம் எழுதுக, வாசிப்போர் மகிழவேண்டும், ஒரு சொல்லும் பொய்யாதல் ஆகாது, கொழுந்து பறித்தவளை அதிற் காட்டினால் அவளுக்கு ஒரு பெயரும் கொடுத்தல் வேண்டும். முதலிரண்டு விதிகளும் எளியவை என்றே மாணவர் எண்ணுகின்றனர். மூன்றாவது விதியில் எழுதுகோல் நிற்கின்றது. பெயர் கொடுத்தவுடன் அவள் எங்கே வாழ்கின்றாள், அவள் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகின்றது, அவள் பெறும் கூலி யாது என்னும் வினாக்கள் பின்தொடர்ந்து வருகின்றன. அவ்வினாக்களுக்கு அஞ்சாமல் எழுதப்பெறும் விளம்பரத்தையே நான் நல்ல தமிழ் என்று மதிப்பிடுவேன்.